மீட்டர் விளக்கு: ஒளி கூடினால் பார்வை கூடுமா?



தமிழ், இலக்கணம், பாடநூல், பள்ளி என்று எழுதிக் கொண்டிருப்பவன் இன்று மகிழுந்தின் மீட்டர் விளக்கைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. என் கையால் நானே செய்த ஒரு சிறு மாற்றத்தால், இருட்டில் மிதிவண்டி ஓட்டிச் சென்ற ஒரு மனிதரை மோதித் தள்ளியிருப்பேன். நூலிழையில் தப்பினோம். அவரும் தப்பினார், நானும் தப்பினேன். அன்றிலிருந்து இதை எழுதியே ஆகவேண்டும் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

என்னிடம் இருப்பது பழைய புரோட்டோன் சாகா. 1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் நாட்டின் முதல் தேசிய மகிழுந்தாக வெளிவந்ததே அந்த வரிசை. என்னுடையது அதன் பிற்காலத் தம்பி என்றாலும், உள்ளமைப்பு ஏறத்தாழ அதேதான். இயந்திரம் நன்றாக ஓடுகிறது. ஆனால், மீட்டரின் பின்னே உள்ள மின்குமிழ்கள் ஒவ்வொன்றாகக் கண்மூடிவிட்டன. வேகமானி மங்கலாகத் தெரிந்தது; எண்ணெய் அளவைக் காட்டும் முள் இருக்கும் இடமே தெரியவில்லை. இரவில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்க்கக் கைப்பேசியின் விளக்கை அடித்துப் பார்க்கும் நிலை வந்துவிட்டது.

சரி, மாற்றுவது என்று முடிவு செய்தேன். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பழைய மின்குமிழை ஏன் போடவேண்டும், எல்.இ.டி. விளக்கே போட்டுவிடலாமே என்று தோன்றியது. உதிரிப்பாகக் கடையில் இருந்தவற்றிலேயே மிகவும் பளிச்சென்று எரியும் 'ஐஸ் புளூ' நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு சனிக்கிழமை மாலையில் வீட்டு வாசலிலேயே வேலையை முடித்தேன். அன்றிரவு விசையைத் திருகியதும் வண்டிக்குள் ஏதோ விண்கலத்தில் அமர்ந்திருப்பது போன்ற ஒளி! பள்ளி நண்பர்கள் பார்த்துப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

இரண்டு வாரம் கழித்து, மாலை வகுப்பு முடிந்து செம்பனைத் தோட்டச் சாலை வழியாக வீடு திரும்பிக் கொண்டிருந்தேன். அந்தச் சாலையில் தெருவிளக்கு கிடையாது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. என் முன்விளக்கின் ஒளி சாலையில் விழுந்து கொண்டுதான் இருந்தது. ஆயினும், பின்விளக்கு இல்லாத மிதிவண்டியில் ஒருவர் எனக்கு முன்னே போய்க் கொண்டிருப்பது மிக அருகில் சென்ற பிறகே கண்ணுக்குத் தெரிந்தது. வண்டியை ஒடித்து நிறுத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடவாதது போலக் கையை அசைத்துவிட்டுப் போனார். எனக்குத்தான் கைகால் நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் எனக்குப் பழக்கமான போர்மேன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் வண்டிக்குள் தலையை நீட்டி விளக்கைப் போட்டுப் பார்த்தார். பிறகு சிரித்துக் கொண்டே கேட்டார்:

"என்னா சார், ரோட்டப் பாத்து காடி ஓட்றீங்களா, மீட்டரப் பாத்து ஓட்றீங்களா?"

அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

மீட்டர் விளக்கு எதற்காக இருக்கிறது? ஒரு நொடி கீழே பார்த்து, வேகத்தைப் படித்துவிட்டு, மீண்டும் சாலையைப் பார்ப்பதற்காக. அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. படிக்கும் அளவுக்கு ஒளி இருந்தால் போதும். அதற்கு மேற்பட்ட ஒளியெல்லாம் சாலையைப் பார்க்கும் கண்ணிடமிருந்து நாம் திருடிக்கொள்ளும் ஒளி என்பதே என் கருத்து.

இது வெறும் சொல்லலங்காரம் அன்று. நம் விழித்திரையில் இருவகை உணர் அணுக்கள் உள்ளன. கூம்பு அணுக்கள் பகல் ஒளியிலும் நிறங்களை அறிவதிலும் வேலை செய்கின்றன. கோல் அணுக்கள் மங்கிய ஒளியில் வேலை செய்கின்றன. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். ஆனால், பழகிய கண்ணைக் கெடுக்கச் சில நொடிப் பளிச்சிடலே போதும்.

இந்தக் கோல் அணுக்கள் எல்லா நிறத்துக்கும் ஒரே மாதிரி கூசுவதில்லை. ஏறத்தாழ 507 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளியே அவற்றை மிகுதியாகத் தாக்கும். அடர் சிவப்பு ஒளி அவற்றை ஏறக்குறைய தொடுவதே இல்லை. நான் வாங்கிப் போட்ட ஐஸ் புளூ விளக்கு, கண்ணின் எந்தப் பகுதியைக் காப்பாற்ற வேண்டுமோ அதையே குறிபார்த்துத் தாக்கியது. போதாக்குறைக்கு, அந்த ஒளி முன்கண்ணாடியிலும் பக்கக் கண்ணாடியிலும் எதிரொளித்தது. சாலைக்கும் எனக்கும் நடுவே ஒரு மெல்லிய நீலத்திரை தொங்கிக் கொண்டிருந்திருக்கிறது. பழகிப் போனதால் எனக்கு அது தெரியவில்லை.

வயதும் ஒரு காரணம். ஐம்பதைத் தொடும் கண்ணின் வில்லை இருபது வயதுக் கண்ணின் வில்லையைப் போலத் தெளிவாக இருப்பதில்லை. உள்ளே நுழையும் ஒளியைச் சிதறடிக்கும். கூச்சத்திலிருந்து மீள்வதற்கும் கூடுதல் நேரம் எடுக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலர் என்னைப் போன்று வயது ஏறியவர்கள்தாமே!

என் சொல்லை நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். தெருவிளக்கு இல்லாத ஒரு பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி முன்விளக்கைப் போடுங்கள். எதிரே தெரியும் மரங்களையும் புதர்களையும் மனத்தில் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு மீட்டரை ஒரு கறுப்புத் துணியால் மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். புதிதாக ஏதேனும் கண்ணுக்குத் தென்பட்டால், அவ்வளவும் இதுநாள் வரை உங்கள் மீட்டர் விளக்கு மறைத்து வைத்திருந்தவை. நான் செய்து பார்த்தேன். சாலையோரத்தில் ஒரு வேலிக் கம்பமே புதிதாக முளைத்தது!

வண்டி கட்டுபவர்கள் அறிந்தது

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. மகிழுந்துகளின் மீட்டர் பல்லாண்டுகளாகச் செம்மஞ்சள் நிற ஒளியிலேயே எரிந்து வந்தது. ஸ்வீடன் நாட்டில் விமானம் கட்டிய நிறுவனத்திலிருந்து பிறந்த சாப் மகிழுந்துகளில் 1990-களில் ஒரு புதுமையைச் செய்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் வேகமானியைத் தவிர மற்ற எல்லா விளக்குகளும் அணைந்துவிடும். ஏதேனும் கோளாறு ஏற்பட்டால் மட்டும் உரிய விளக்கு தானே எரியும். அந்த மகிழுந்து நிறுவனம் 2011-இல் நொடித்துப் போய்விட்டது. ஆனால், அந்தப் பொத்தான் சொன்ன பாடம் நொடித்துப் போகவில்லை. இரவில் ஓட்டுநருக்கு வேண்டியது கூடுதல் ஒளி அன்று, தேவையான ஒளி.

அப்படியானால் எல்.இ.டி. விளக்கே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. குறை விளக்கினுடையது அன்று, தேர்ந்தெடுத்தவனுடையது.

எல்.இ.டி.யின் வரலாறே இதற்குச் சான்று. கண்ணுக்குப் புலனாகும் எல்.இ.டி.யை 1962-இல் அமெரிக்கரான நிக் ஹோலன்யாக் உருவாக்கினார். அது சிவப்பு நிறம். நல்ல நீல நிறம் கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதைச் சாதித்த ஜப்பானில் பிறந்த மூவர் அகாசாகி, அமானோ, நாகாமுரா ஆகியோர் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். இன்று நாம் வாங்கும் பெரும்பாலான வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல எல்.இ.டி.தான். அதன்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைப் பூசி வெள்ளையாக்குகிறார்கள். விலை மலிவான 'கூல் ஒயிட்' விளக்கில் நீலம் தூக்கலாக இருப்பது இதனால்தான். 'வார்ம் ஒயிட்' என்று கேட்டு வாங்கினால் பழைய மின்குமிழின் மஞ்சள் சாயலுக்கு அருகே வரலாம். அதுவும் அதே விலைதான்!

வீட்டில் செய்வோருக்குச் சில சொற்கள்

என் தவற்றுக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை அதே மீட்டரைக் கழற்றினேன். இம்முறை போர்மேனிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன். கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

1. முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கலாம். காற்றுப்பை உள்ள வண்டியாக இருந்தால் அதன் விளக்கக் கையேட்டைப் படிக்காமல் எதையும் தொடாதீர்கள்.

2. கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். திருகாணிகளை முட்டை அட்டையில் கழற்றிய வரிசைப்படி போட்டு வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கடைசியில் இரண்டு மிச்சமாகித் தவித்தவன் நான்.

3. பழைய வண்டிகளில் வேகமானியின் பின்னே முறுக்குக் கம்பி வடம் ஒன்று மாட்டப்பட்டிருக்கும். மீட்டரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கையைப் பின்னே விட்டு அதன் பிடியை அழுத்தி விடுவித்த பிறகே இழுக்க வேண்டும்.

4. மீட்டரின் முதுகில் மெல்லிய நெகிழித் தாளில் செம்புக் கோடுகள் ஓடும். அதுதான் மின்சுற்று. இருபது ஆண்டு வெயிலில் காய்ந்த தாள் அது. நகம் பட்டாலும் கீறிவிடும். மின்குமிழின் பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் கழன்று வரும், நெம்ப வேண்டியதில்லை.

5. ஜப்பானிய வடிவமைப்பைத் தழுவிய வண்டிகளில் பெரும்பாலும் டி10, டி5 என்ற இரு அளவுகளே இருக்கும். கழற்றிய மின்குமிழைக் கையோடு கடைக்குக் கொண்டு போவதே நல்லது.

6. மின்குமிழுக்கு நேர்முனை, எதிர்முனை வேறுபாடு கிடையாது, எல்.இ.டி.க்கு உண்டு. எரியவில்லை என்றால் பழுது என்று தூக்கி எறியாதீர்கள். பிடியிலிருந்து உருவி, திருப்பிச் செருகிப் பாருங்கள். எல்லாவற்றையும் எரியவிட்டுச் சோதித்த பிறகே மீட்டரை மூடுங்கள்.

7. பழைய மின்குமிழ் எல்லாப் பக்கமும் ஒளி வீசும். அந்த ஒளி உள்ளே உள்ள வெள்ளைச் சுவரில் பட்டுப் பரவும். எல்.இ.டி. பெரும்பாலும் நேரே மட்டும் அடிக்கும். எனவே எண்களில் ஓரிடம் பளிச்சென்றும் ஓரிடம் இருட்டாகவும் தெரியும். பக்கங்களிலும் ஒளி வீசும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

8. உள்ளே பச்சை அல்லது நீல நிற உறை இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை உறைக்குப் பின்னே சிவப்பு எல்.இ.டி.யைப் போட்டால் ஏறக்குறைய இருட்டுதான் மிஞ்சும். உறை தன் நிற ஒளியை மட்டுமே வெளியே விடும்.

ஒளியைக் குறைக்கும் திருகு ஏன் வேலை செய்யவில்லை?

இது பலரையும் குழப்பும் இடம். சற்று விரிவாகவே சொல்கிறேன். நாம் வகுப்பறையில் தொடர் மின்சுற்று, இணைக்கரை மின்சுற்று என்று வெண்பலகையில் படம் வரைகிறோம் அல்லவா? அந்தப் பாடம் அப்படியே இந்த மீட்டருக்குள் இருக்கிறது.

மீட்டரின் மின்குமிழ்கள் தமக்குள் இணைக்கரையில் இருக்கின்றன. பழைய வண்டிகள் பலவற்றில் ஒளியைக் குறைக்கும் திருகு என்பது அவற்றோடு தொடராக இணைந்த ஒரு மின்தடை. 3.4 வாட் மின்குமிழ்கள் நான்கு இருந்தால் 12 வோல்ட்டில் மொத்தம் ஏறத்தாழ 1.1 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். திருகின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தடையும் மின்குமிழ்களும் மின்னழுத்தத்தைப் பாதிக்குப் பாதி பங்கிட்டுக் கொள்ளும். விளக்கு நன்றாக மங்கும்.

இப்போது நான்கு எல்.இ.டி.களைப் போடுகிறோம். ஒவ்வொன்றும் 20 மில்லி ஆம்பியர் என்றால், மொத்தமே 0.08 ஆம்பியர்தான். அதே 10 ஓம் தடையில் 0.8 வோல்ட் மட்டுமே இறங்கும். திருகை எவ்வளவு திருகினாலும் ஒளி குறைந்தது போலவே தெரியாது. எனக்கு நடந்தது இதுதான். திருகு கெட்டுவிட்டது என்று நினைத்து வாளாவிருந்துவிட்டேன். கண்ணைக் காக்க வண்டியில் இருந்த ஒரே கருவியை நானே செயலிழக்கச் செய்திருந்தேன்.

இதற்கு வழிகள் உண்டு. தொடக்கத்திலேயே ஒளி குறைந்த எல்.இ.டி.யை வாங்குவது ஒன்று. நான்கு இடங்களில் ஒன்றில் பழைய மின்குமிழையே விட்டு வைப்பது மற்றொன்று. அந்த ஒரு மின்குமிழின் மின்னோட்டமே தடையில் ஏறத்தாழ இரண்டரை வோல்ட்டை இறக்கிவிடும், எல்.இ.டி.களும் சேர்ந்து மங்கும்.

பற்றவைக்கத் தெரிந்தவர்கள் தனி எல்.இ.டி.யும் மின்தடையும் வாங்கி ஒளியின் அளவைத் தாங்களே முடிவு செய்யலாம். கோலாலம்பூரின் ஜாலான் பாசார், சிங்கப்பூரின் சிம் லிம் டவர் ஆகிய இடங்களில் இவை சில்லறையாகக் கிடைக்கும். கணக்கு எளிது. வண்டி ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். வெள்ளை எல்.இ.டி. எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 3.2 வோல்ட். மிச்சம் 10.8 வோல்ட். 20 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால் 10.8-ஐ 0.02-ஆல் வகுக்க 540 ஓம் வரும். கடையில் கிடைப்பது 560 ஓம். அதில் ஏறத்தாழ 0.2 வாட் வெப்பம் உண்டாகும் என்பதால் அரை வாட் தடையே பாதுகாப்பு. ஆனால், மீட்டருக்கு அவ்வளவு ஒளி எதற்கு? 2,200 ஓம் தடையைப் போட்டால் 5 மில்லி ஆம்பியர்தான் பாயும். இப்போது என் வண்டியில் இருப்பது அந்தக் கணக்குதான்.

தொடக்கூடாத விளக்கு

மீட்டரில் இருவகை விளக்குகள் உண்டு. எண்களுக்கு ஒளியூட்டுபவை ஒருவகை. நம்மை எச்சரிப்பவை மறுவகை. முதல் வகையை மட்டும் மாற்றுங்கள். இரண்டாம் வகையைத் தொடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

இதைச் சொன்னவரும் அந்தப் போர்மேன்தான். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கைக் காட்டி, "மத்ததெல்லாம் உங்க இஷ்டம் சார். இந்த ஒரு பல்ப மட்டும் தொடாதீங்க" என்றார். ஏன் என்று விசாரித்த பிறகே விளங்கியது. பழைய வண்டிகள் பலவற்றில் அது வெறும் எச்சரிக்கை விளக்கு அன்று. ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கத் தொடங்க, அதன் சுழலும் சுருளுக்குச் சிறிது மின்னோட்டம் முதலில் தேவை. சாவியைத் திருகியதும் அந்த முதல் மின்னோட்டம் இந்தச் சிறு மின்குமிழின் வழியாகத்தான் போகிறது. அங்கே எல்.இ.டி.யைப் போட்டால் போகும் மின்னோட்டம் மிகவும் குறைந்துவிடும். ஆல்டர்னேட்டர் விழித்துக் கொள்ளாமலே போகலாம். வண்டி ஓடும், பேட்டரி தேயும், ஏதோ ஒரு நள்ளிரவில் எல்லாம் நின்று போகும். பழுது எங்கே என்று தேடுபவருக்கு மீட்டர் விளக்கின் நினைவே வராது.

மற்ற எச்சரிக்கை விளக்குகளுக்கும் காரணம் உண்டு. அவை பகலிலும் தெரியவேண்டும் என்பதால் பெரும்பாலும் ஒளி குறைக்கும் திருகுக்குக் கட்டுப்படுவதில்லை. அங்கே பளிச்சென்ற எல்.இ.டி.யைப் போட்டால், முன்விளக்கின் உயர் ஒளியைக் காட்டும் நீலப்புள்ளி இரவு முழுவதும் கண்ணில் ஊசியாகக் குத்தும். மேலும், சிவப்பு உறைக்குப் பின்னே கூல் ஒயிட் விளக்கை வைத்தால் சிவப்பு வெளிறிவிடும். இயந்திர எண்ணெய் இறங்கிவிட்டது என்று அலற வேண்டிய விளக்கு முணுமுணுத்தால் என்ன பயன்?

இதனால் யாருக்கு என்ன நன்மை?

சிலர் இதை எரிபொருள் சேமிப்பு என்கிறார்கள். நான்கு மின்குமிழ்களும் சேர்ந்து 14 வாட்கூட இல்லை. இரண்டு முன்விளக்குகள் மட்டும் 110 வாட் எடுக்கின்றன. ஆகவே, சேமிப்பு என்பது பேச்சுக்குத்தான். உண்மையான நன்மை இரண்டு. எல்.இ.டி.யில் வெப்பம் குறைவு. முதிர்ந்து நொறுங்கும் நிலையில் உள்ள நெகிழிப் பாகங்களுக்கு அது நல்லது. நல்ல எல்.இ.டி. நெடுங்காலம் உழைக்கும், மீட்டரை மீண்டும் மீண்டும் கழற்றி அந்த மெல்லிய தாளைக் கிழிக்க வேண்டியிராது. மிக மலிவானதை வாங்கினால் இந்த இரண்டாவது நன்மையும் போய்விடும்.

"அப்படியானால் பழைய மின்குமிழையே வாங்கிப் போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போடுங்கள்! வண்டி பிறந்தபோது என்ன ஒளியைப் பொறியாளர் கணித்து வைத்தாரோ அதுவே மீண்டும் கிடைக்கும். அதில் ஒரு குறையும் இல்லை. புதியது என்பதற்காக ஒன்றை ஏற்பதும் தவறு. புதியது என்பதற்காக ஒன்றை ஒதுக்குவதும் தவறு.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. நாம் ஒளியை அளவாகப் பார்க்காமல் அந்தஸ்தாகப் பார்க்கப் பழகிவிட்டோம். கடைக்காரர் "இதுதான் சார் ரொம்ப வெளிச்சம்" என்றால் அதையே வாங்குகிறோம். எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் முன்விளக்குகளைக் கண்டு சினப்படுகிறோம். அதே வேலையைத் தன் கண்ணுக்குத் தானே செய்துகொள்வதை அழகு என்கிறோம். இருட்டில் நடப்பவர், மிதிவண்டியில் போகும் தோட்டத் தொழிலாளி, சாலையில் படுத்திருக்கும் மாடு ஆகியவற்றுக்கு விளக்கு இல்லை. அவர்களைக் காப்பது நம் கண் ஒன்றுதான். அந்தக் கண்ணை நாம் அழகுக்காக அடகு வைக்கக்கூடாது.

கையால் செய்து பார்ப்பதை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன். திருப்புளியைப் பிடிக்கத் தெரியாத பிள்ளைகளாக நம் பிள்ளைகள் வளர்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டாம் முறை மீட்டரைக் கழற்றியபோது என் மகளை அருகில் வைத்துக்கொண்டேன். எல்.இ.டி.யைத் திருப்பிச் செருகினால்தான் எரிகிறது என்பதை அவள் தன் விரலால் கண்டாள். அந்தப் பாடத்தை இனி அவளுக்கு யாரும் மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. ஆனால், செய்யத் தெரிவதற்கு முன் எதற்காகச் செய்கிறோம் என்று தெரிய வேண்டும். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது.

இப்போது என் வண்டியில் மங்கிய மஞ்சள் ஒளி எரிகிறது. நண்பர்கள் யாரும் பாராட்டுவதில்லை. "விளக்கு ஃபியூஸ் போச்சா சார்?" என்று ஒருவர் கேட்டார். சென்ற வாரம் அதே தோட்டச் சாலையில் திரும்பும்போது, தொலைவில் மிதிவண்டி ஒன்று ஆடியாடிப் போவது தெரிந்தது. அதே மனிதரா, வேறு ஒருவரா என்று தெரியவில்லை. வேகத்தைக் குறைத்து, நன்றாக ஒதுங்கி, அவரைக் கடந்து வந்தேன்.

உங்கள் வண்டியிலும் இன்றிரவே அந்தக் கறுப்புத் துணிச் சோதனையைச் செய்து பாருங்கள். மீட்டர் விளக்கை மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் திருத்துங்கள், கற்றுக்கொள்வேன்.